எழுவாய் எங்கே போயிற்று?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு எந்த ஆங்கில வாக்கியம் மறந்தாலும் ஒன்று மட்டும் மறக்காது. விடுப்புக் கடிதத்தில் எழுதிய வாக்கியம் அது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே." அக்கா கல்யாணத்திற்குப் போவதாக இருந்தாலும் காய்ச்சல் என்றுதான் எழுதுவோம், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியம்தான் மனப்பாடம்.

அதில் 17 சொற்கள் இருக்கின்றன. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'ரிக்வெஸ்ட்', 'கைண்ட்லி', 'கிராண்ட்' என்ற மூன்றும் ஒரே கும்பிடைத்தான் மூன்று முறை போடுகின்றன. நன்னூலார் இதற்கு 'கூறியது கூறல்' என்று பெயர் வைத்துப் பத்துக் குற்றங்களில் ஒன்றாக எண்ணியிருக்கிறார். "ஐ ஹாவ் எ ஃபீவர். ப்ளீஸ் கிவ் மீ லீவ் ஃபார் எ டே" என்றால் 11 சொற்கள். பணிவு அப்படியே இருக்கிறது. காய்ச்சலும்தான்.

இப்படிச் சொற்களை எண்ணிக் கழிப்பது எளிது, பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் கத்தியை வைக்கிறார்கள். மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திப் பழகியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நீளம் என்பது வெளியே தெரியும் வீக்கம். வாக்கியத்துக்குள் யார் என்ன செய்தார் என்பது காணாமல் போயிருக்கும். அந்த இடத்தை அடைக்கத்தான் இத்தனை சொற்களும் வந்து குவிந்திருக்கும். ஆளையும் அவர் செய்த வேலையையும் கண்டுபிடித்து நேருக்கு நேர் நிறுத்திவிட்டால், மிகைச் சொற்கள் தாமாகவே உதிரும். இலக்கணப் பிழைகளில் பாதியும் அவற்றோடு போய்விடும்.

1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டன் வானில் ஜெர்மானிய விமானங்களோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், பிரதமர் சர்ச்சில் தம் அமைச்சரவைக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். பொருள்: சுருக்கம். வருகிற அறிக்கைகள் எல்லாம் நீளமாக இருக்கின்றன, படித்து முடிக்க நேரம் போதவில்லை என்பது புகார். இனி எழுத வேண்டாம் என்று அவர் காட்டிய தொடர்களில் ஒன்று: "கன்சிடரேஷன் ஷுட் பி கிவன் டு தி பாசிபிலிட்டி ஆஃப் கேரியிங் இன்டு எஃபெக்ட்."

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். யோசிப்பது ஒரு வினை. அது 'கன்சிடரேஷன்' என்ற பெயராகிவிட்டது. பெயராகிவிட்டால் அதற்கு ஆள் தேவையில்லை. ஆனால் வாக்கியத்துக்கு ஒரு வினை வேண்டுமே? அதற்காக 'கிவன்' என்ற ஒரு சொத்தை வினையைக் கொண்டுவந்து ஒட்டவேண்டியிருக்கிறது. யோசனையை யாரோ யாருக்கோ 'கொடுக்க' வேண்டுமாம். முடியுமா என்பது 'பாசிபிலிட்டி' என்று இன்னொரு பெயராகிறது. இரண்டு பெயர்களையும் கோக்க 'டு', 'ஆஃப்' என்று கொக்கிகள் வருகின்றன. கடைசியில் 'டூ' என்று ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் முடியவேண்டிய வினை 'கேரியிங் இன்டு எஃபெக்ட்' என்று நிற்கிறது. இத்தனைக்கும் பிறகு, யோசிக்கவேண்டியவர் யார், செய்யவேண்டியவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லை. "வீ ஷுட் ட்ரை திஸ்" என்று எழுதியிருந்தால் நான்கே சொற்கள். ஆனால் நாளைக்குத் தோற்றுப்போனால் அந்த 'வீ' யார் என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயம்தான் முதல் வாக்கியத்தை எழுதியது.

ஆங்கிலம் இப்படி ஊதிப்போவதற்கு அதன் பிறப்பிலேயே வசதி இருக்கிறது. 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. தேவாலயமும் கல்வியும் ஏற்கெனவே லத்தீன். வயலும் அடுப்படியும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தன. அதனால் ஒரே கருத்துக்கு மூன்று தளத்தில் சொற்கள் சேர்ந்துவிட்டன. கேட்பதற்கு 'ஆஸ்க்' வீட்டுச் சொல், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' நேரே லத்தீனிலிருந்து வந்தது. உதவிக்கு 'ஹெல்ப்', 'எய்ட்', 'அசிஸ்ட்'. நமக்கும் இந்தப் படிக்கட்டு பழக்கமானதுதான்: தொடங்கினான் என்றால் ஆள் தெரியும், ஆரம்பித்தான் என்றால் சட்டை போட்டுக்கொள்வான், சமாரம்பம் செய்தான் என்றால் மேடையில் மாலையோடு நிற்பான். சாதாரண விஷயத்தை மேடையேற்ற நினைக்கிற ஆங்கில எழுத்தர் கை தானாகவே மேல்படிச் சொல்லுக்குப் போகிறது. அங்கே வினைகளைவிடப் பெயர்கள்தான் கனம்.

நீதிமன்றத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்துங்கள் என்று 1362-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. நீதிமன்ற ஆவணங்களிலிருந்து பிரெஞ்சையும் லத்தீனையும் முழுதாக விரட்ட 1731-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வக்கீல்கள் எச்சரிக்கையாக இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்தே எழுதினார்கள். 'வில்' ஆங்கிலம், 'டெஸ்டமெண்ட்' லத்தீன், இரண்டும் உயில்தான். 'ஃபிட் அண்ட் ப்ராப்பர்', 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்' எல்லாம் இப்படிப் பிறந்த இரட்டைகள். பிறகு ஒரே மூலத்துச் சொற்களையும் இரட்டையாக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது: 'நல் அண்ட் வாய்ட்', 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்'. போதாக்குறைக்கு நீதிமன்ற எழுத்தர்களுக்குத் தாள் கணக்கில் கூலி. நீளத்துக்குக் காசு கிடைக்கும் இடத்தில் சுருக்கத்தை யார் வாங்குவார்கள்?

அந்தக் காலத்திலும் கோபப்பட்டவர் ஒருவர் இருந்தார். 1596-இல் மில்வார்டு என்பவர் தொடுத்த வழக்கில் தாக்கலான ஒரு பதிலுரை 120 தாள் நீண்டது. 16 தாளில் சொல்லியிருக்கக்கூடியது என்று கண்ட நீதிபதி எகர்டன், அதை எழுதியது வழக்குத் தொடுத்தவரின் மகன் என்பதையும் விசாரித்து அறிந்தார். பிறகு அவர் இட்ட உத்தரவு இது: அந்தத் தாள்கட்டின் நடுவில் ஓட்டை போடவேண்டும், எழுதியவரின் தலையை அதற்குள் நுழைத்து, எழுத்து வெளியே தெரியும்படி தோளில் தொங்கவிடவேண்டும், தலையில் தொப்பியில்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைச் சுற்றி நடத்தி, மூன்று நீதிமன்றங்களிலும் காட்டவேண்டும். பத்துப் பவுண்டு அபராதம் தனி. எழுத்துக்கலை பற்றி நான் படித்த அறிவுரைகளில் இத்தனை தெளிவானது வேறில்லை.

பிற்காலத்தவர்கள் சாந்தமானவர்கள். டெக்சாஸைச் சேர்ந்த அமெரிக்க அரசு அதிகாரி மௌரி மாவரிக் 1944-இல் வாஷிங்டன் அலுவலக ஆங்கிலத்துக்கு 'காபிள்டிகூக்' என்று பெயர் வைத்தார். வான்கோழி கத்துவது போலிருக்கிறது என்பது பொருள். 'ஆக்டிவேஷன்', 'இம்ப்ளிமெண்டேஷன்' என்ற சொற்களை எழுதுகிறவர் சுடப்படுவார் என்றும் தம் ஊழியர்களுக்கு விளையாட்டாக மிரட்டல் விடுத்தார். மிரட்டலுக்கு அவர் தேர்ந்தெடுத்த இரண்டுமே வினையை விழுங்கிய பெயர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1979-இல் கிரிசி மேஹர் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கிழித்துப் போட்டு எளிய ஆங்கில இயக்கத்தைத் தொடங்கினார். பதின்பருவத்தின் நடுப்பகுதிவரை படிக்கத் தெரியாமல் இருந்தவர் அவர். அமெரிக்காவில் 2010-இல் இதற்கென்று சட்டமே வந்தது.

நம்மிடம் வந்து சேர்ந்தது விக்டோரியா காலத்துக் குமாஸ்தாவின் ஆங்கிலம். 'ஐ பெக் டு ஸ்டேட்', 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்' எல்லாம் அன்று லண்டனிலும் அன்றாட வழக்குதான். அங்கே அவை ஓய்ந்துவிட்டன. இங்கே கோப்புகளில் தங்கிவிட்டன. 'டூ தி நீட்ஃபுல்' அப்படித் தங்கிய ஒன்று. பலர் கேலிசெய்வது போல அது இந்தியர் கண்டுபிடித்த பிழை ஒன்றும் இல்லை. பிரிட்டனில் வழங்கி அங்கே வழக்கொழிந்த தொடர்தான். அதனிடம் எனக்குள்ள குறை வேறு. மூன்றே சொற்கள், ஆனால் தேவையானது எது என்று அதில் இல்லை. பெறுகிறவர் ஊகிக்கவேண்டும்; ஊகம் தவறினால் பழியும் அவருக்கே.

இதன் முற்றிய நிலையை 2017-இல் உச்ச நீதிமன்றம் பார்த்தது. வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான ஒரு வழக்கில் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு வந்தது. நீதிபதிகள் படித்தார்கள், என்ன சொல்லியிருக்கிறது என்றே புரியவில்லை என்று சொல்லி, அதை ரத்துசெய்து, புதிதாக முடிவெடுக்கும்படி திருப்பி அனுப்பினார்கள். அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு 2022-இல் வந்தபோது, நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பை எப்படி எழுதவேண்டும் என்பதையே விளக்கவேண்டியதாயிற்று. பத்திகளுக்கு எண் இடுங்கள் என்பது வரை சொன்னார்கள். வாடகைதாரர் பாவம், வென்றாரா தோற்றாரா என்று கேட்கக்கூட மேல்நீதிமன்றம் போகவேண்டியிருந்திருக்கும்.

சரி, திருத்துவது எப்படி? ஒரு கூட்டக் குறிப்பில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "தி டெசிஷன் டு ஷிஃப்ட் தி பம்ப் வாஸ் டேக்கன் பை தி கமிட்டி." 11 சொற்கள். முடிவெடுத்தது கமிட்டி, கமிட்டியோ வாக்கியத்தின் வால்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. எடுத்து முன்னால் வைத்து, 'டெசிஷன்' என்ற பெயருக்குள் அடைபட்ட வினையை வெளியே விட்டால்: "தி கமிட்டி டிசைடட் டு ஷிஃப்ட் தி பம்ப்." ஏழு சொற்கள். நான்கு சொற்களை நான் தேடித் தேடி வெட்டவில்லை. ஆள் இடம் மாறியதும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்தது இலக்கணப் பிழையோடு வருவது: "தி லிஸ்ட் ஆஃப் டாக்குமெண்ட்ஸ் ரிக்வயர்டு ஃபார் தி ரினியூவல் ஆஃப் லைசென்ஸஸ் ஆர் என்க்ளோஸ்டு." எழுவாய் 'லிஸ்ட்', ஒருமை, ஆகவே 'இஸ்' என்று வரவேண்டும். எழுதியவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் எட்டுச் சொற்கள் வந்துவிட்டன. வினைக்குப் பக்கத்தில் 'லைசென்ஸஸ்' பன்மையில் நின்று கையைப் பிடித்து இழுத்துவிட்டது. 'ஆர்' என்பதை 'இஸ்' என்று மாற்றுவது மேல்பூச்சு. "வீ என்க்ளோஸ் தி லிஸ்ட் ஆஃப் டாக்குமெண்ட்ஸ் நீடட் டு ரினியூ லைசென்ஸஸ்" என்று எழுதினால் இரண்டாம் சொல்லிலேயே வினை வந்துவிடுகிறது. தவறு நேர இடமே இல்லை. இங்கே மிச்சமானது இரண்டே சொற்கள். தெளிவுதான் பல மடங்கு.

தமிழ் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஏன் அதிகம் தடுமாறுகிறோம் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. நமக்கு வினைமுற்று கடைசியில் வரும். நேற்று மாலை, கடைத்தெருவில், அண்ணன் வாங்கித்தந்த குடையை மறந்துவிட்டு வந்த பையனை என்று எத்தனை அடுக்கினாலும், முடிவில் ஒரு வினை வரும், வந்து எல்லாவற்றையும் முடிச்சுப்போடும் என்று காது காத்திருக்கும். ஆங்கிலம் படிப்பவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. எழுவாயைக் கண்டதும் அவர் வினையைத் தேடத் தொடங்குகிறார். அது வரும்வரை நடுவில் வருவதையெல்லாம் கையில் சுமந்துகொண்டே நடக்கிறார். பாரம் கூடினால் ஏதாவது ஒன்று கீழே விழுகிறது.

இன்னொரு பிழை நம் இலக்கணத்துக்கு மிக நெருங்கிய உறவு. "ஆஃப்டர் ரிவ்யூயிங் தி அப்ளிகேஷன், தி லோன் வாஸ் அப்ரூவ்டு." விண்ணப்பத்தைப் பரிசீலித்தது யார்? இந்த வாக்கியத்தின்படி, கடன்! கடனே விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துத் தன்னைத் தானே வழங்கிக்கொண்டது போலிருக்கிறது. இந்தச் சிக்கலை நம்மவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் அதே வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடியவேண்டும் என்பது தொல்காப்பிய விதி: "முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின." வந்து போனான் என்றால் வந்தவனும் போனவனும் ஒருவனே. விதியோடு விலக்கும் உண்டு. 'கை இற்று வீழ்ந்தான்' என்பதில் இற்றது கை, வீழ்ந்தது ஆள். உறுப்பின் வினை உடையவனோடு முடியலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதைப் 'பெய்ய' என்பதன் திரிபாகக் கொண்டு அமைதி சொன்னார்கள். இப்படிப் பழகிய நம் காதுக்கு 'விண்ணப்பத்தைப் பரிசீலித்துக் கடன் வழங்கப்பட்டது' என்பது உறுத்துவதே இல்லை. அதே வார்ப்பில் ஆங்கிலத்தை ஊற்றுகிறோம். கண்டிப்பான ஆங்கில நடையோ அந்த அமைதியை ஏற்பதில்லை. மருந்து பழைய மருந்துதான்: "தி மேனேஜர் ரிவ்யூடு தி அப்ளிகேஷன் அண்ட் அப்ரூவ்டு தி லோன்." மேனேஜரை உள்ளே அழைத்ததும் பிழை வெளியேறிவிட்டது.

சில்லறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 'டியூ டு தி ஃபேக்ட் தட்' என்ற ஐந்துக்கு 'பிகாஸ்' போதும்; 'இன் தி ஈவண்ட் தட்' என்பதற்கு 'இஃப்'; 'அட் திஸ் பாயிண்ட் இன் டைம்' என்பதற்கு 'நவ்'. 'தேர் ஆர் மெனி பீப்பிள் ஹூ திங்க்' என்று தொடங்கினால் முதல் இரண்டு சொற்களில் ஆளே இல்லை; 'மெனி பீப்பிள் திங்க்' என்றால் ஆள் முன்னால் வந்துவிடுகிறார். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்' நாம் 'பற்றி' என்று தமிழில் நினைப்பதால் வருகிறது. அந்த ஒரு சொல் மிகையும்கூட, பிழையும்கூட. 'ரிட்டர்ன் பேக்' அதன் உடன்பிறப்பு.

இந்த நோய் திரும்பி வந்து தமிழையும் பிடித்திருப்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அமைச்சர் அணையைப் பார்வையிட்டார் என்று செய்தி போட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது 'ஆய்வு மேற்கொண்டார்'. போலீசார் விசாரிப்பதில்லை, 'விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்'. சாலை போடுவதில்லை, 'சாலை அமைக்கும் பணிகள் நடைபெற்று வருகின்றன'. வினையைப் பெயராக்கி, அந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்க 'மேற்கொள்' என்று ஒரு கூலியாளை வைத்தாயிற்று. சர்ச்சில் கிண்டலடித்த 'கன்சிடரேஷன்' வாக்கியத்தின் எலும்பும் இதுவே.

எல்லாவற்றையும் வெட்டவேண்டும் என்றும் எண்ணிவிடக்கூடாது. செயப்பாட்டு வினையைக் கண்டாலே சிவப்பு மையால் சுழிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'ஹி வாஸ் அரெஸ்டட்' என்பதில் என்ன தவறு? கைது செய்தது போலீஸ் என்று யாருக்கும் தெரியும்; நமக்கு வேண்டியது பிடிபட்டவர். சில சமயம் ஒரு சொல் கூடுவதுதான் நல்லது. 'ஹி பிலீவ்டு தி மேன் வாஸ் லையிங்' என்று படிக்கும்போது அவன் அந்த ஆளை நம்பிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றும். பொய் சொல்கிறான் என்று நம்பியது பிறகுதான் தெரியும். நடுவில் ஒரு 'தட்' போட்டால் வாசகர் தடுக்கி விழமாட்டார். மருத்துவ ஆய்வில் 'மே' என்று தயங்கி எழுதியதை எடுத்துவிட்டால் தெளிவு வராது, பொய்தான் வரும்.

எண்களால் அளக்கும் முறைகளிடமும் எனக்கு அரை நம்பிக்கைதான். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948-இல் வெளியிட்ட சூத்திரம் வாக்கியத்தின் சராசரி நீளத்தையும் சொல்லின் சராசரி அசைகளையும் பார்த்து, படிக்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும். 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காக அதைப் பள்ளி வகுப்புக் கணக்காக மாற்றினார்கள். படிவம் தயாரிக்கிறவர்களுக்கு உதவும். ஆனால் சூத்திரத்துக்குப் பொருள் தெரியாது. ஒரு வாக்கியத்தின் சொற்களைக் குலுக்கித் தலைகீழாகப் போட்டாலும் அதே மதிப்பெண் தரும்.

நீளமே இல்லாத, பிழையே இல்லாத, எந்தச் சூத்திரத்திலும் முதல் மதிப்பெண் வாங்கக்கூடிய ஒரு வாக்கியம் இருக்கிறது: "மிஸ்டேக்ஸ் வேர் மேட்." ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபின், 1987-இல் நாடாளுமன்றத்தில் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன் இதை 'சீரியஸ்' என்ற ஓர் அடைமொழியோடு சொன்னார். அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்கமுடியாது. தவறு நடந்தது, சரி, செய்தவர் எங்கே?

இன்று நீண்ட வாக்கியத்தைக் கணினியிடம் கொடுத்தால் நொடியில் திருத்தித் தந்துவிடுகிறது. 'டியூ டு தி ஃபேக்ட் தட்' எல்லாம் பறந்துவிடும். 'ஆர்', 'இஸ்' ஆகிவிடும். ஆனால் 'தி கம்ப்ளைண்ட் வாஸ் ஓவர்லுக்டு' என்று ஒரு வரி வந்தால் அதற்கு மேல் அதனால் எதுவும் செய்யமுடியாது. புகாரைப் பார்க்காமல் விட்டவர் பெயர் வாக்கியத்துக்குள்ளேயே இல்லையே. அப்படிப்பட்ட வரி என் மேசைக்கு வரும்போது நானும் திருத்துவதில்லை. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். பெரும்பாலும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வரி அப்படியே இருக்கட்டுமே சார்" என்கிறார்.